வாங்கிய நூலும் பின்னிய நூலும்

இரண்டு குழாய்கள் பொருத்திய தொட்டிக் கணக்கு உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது. மற்றொன்று அதை வெறுமையாக்குகிறது. இரண்டையும் ஒருங்கே திறந்துவிட்டால் தொட்டி எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்பது கேள்வி. குன்னூரில் ஒரு பெண்கள் பள்ளியில் 34 ஆண்டுக் காலம் நான் இந்தக் கணக்கைக் கற்பித்தேன். விடை தவறியவர்களைக் கடிந்தும் இருக்கிறேன். அத்தகைய தொட்டி ஒன்று என் வீட்டிலேயே நிரம்பிக்கொண்டிருந்தது என்பதை ஓய்வு பெற்று ஏழாண்டு கழிந்த பின்னரே உணர்ந்தேன்.

என் தொட்டி ஒரு பழைய மரப்பெட்டி. அதில் இருந்தது தண்ணீரன்று, கம்பளி நூல். எனக்கு இளமை முதல் இரண்டு கைத்தொழில்களில் பற்று உண்டு. ஊசிகளைக் கொண்டு கம்பளிச் சட்டையும் குல்லாயும் பின்னுவது ஒன்று. பெட்டி ராட்டையில் பருத்தி நூல் நூற்பது மற்றொன்று. மலையூரில் குடியிருப்பவளுக்கு முன்னது தேவையும்கூட. பின்னது என் தந்தையாரிடமிருந்து வந்த பழக்கம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில், வெயில் நன்றாக அடித்த ஒரு காலையில், பெட்டியிலிருந்த நூலை உலர்த்தலாமென்று வெளியே எடுத்தேன். அடித்தட்டில் சாம்பல் நிறச் சிட்டங்கள் ஆறு இருந்தன. ஒன்றைத் தூக்கினேன். பாதி கையோடு வந்தது. பாதி துண்டு துண்டாகக் கீழே உதிர்ந்தது. அந்துப்பூச்சியின் வேலை.

அந்துப்பூச்சியைப் பற்றி நம்மில் பலர் தவறாக எண்ணியிருக்கிறோம். விளக்கைச் சுற்றிப் பறக்கும் சிறு பூச்சியெல்லாம் கம்பளியை அரிக்குமென்று அஞ்சுகிறோம். உண்மையில், கம்பளியைக் கெடுக்கும் அந்து வெளிச்சத்தை விரும்புவதில்லை. இறகு முளைத்துப் பறக்கத் தொடங்கிய பின் அது எதையும் தின்பதும் இல்லை. தின்பது அதன் புழு. நம் நகத்திலும் மயிரிலும் உள்ள கெரட்டின் என்னும் பொருளே ஆட்டு மயிரிலும் இருக்கிறது. அதைச் செரிக்கும் ஆற்றல் அந்தப் புழுவுக்கு உண்டு. இருட்டும், அசைவின்மையும் இருந்தால் அதற்குப் போதும். நாள்தோறும் உடுத்தும் கம்பளிச் சட்டையில் அது குடியேறுவது அரிது. வாங்கி, அடுக்கி, பூட்டி, மறந்துவிட்ட நூலே அதற்கு வாய்த்த வீடு. அந்த வீட்டை நானே கட்டிக் கொடுத்திருந்தேன்.

கெட்டுப்போனதைக் களைந்துவிட்டு, எஞ்சியதை எல்லாம் கூடத்தில் பரப்பினேன். கணக்கு ஆசிரியையின் பழக்கம் போகுமா? சமையலறைத் தராசை எடுத்து வந்து நிறுத்தேன். 9 கிலோ 600 கிராம்! பெரியவர் ஒருவருக்கு முழுக்கைச் சட்டை பின்ன ஏறத்தாழ அரைக் கிலோ நூல் வேண்டும். நான் ஆண்டுக்கு இரண்டு சட்டைகள் பின்னுகிறேன். குல்லாய், காலுறை என்று 200 கிராம் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, வெளியேறும் குழாயில் ஆண்டுக்கு 1 கிலோ 200 கிராம் போகிறது. இனி ஓர் இழைகூட வாங்காவிட்டாலும் இருப்பதைப் பின்னி முடிக்க எட்டாண்டுகள் ஆகும். எனக்கு வயது 67.

உள்ளே வரும் குழாயின் வேகம் என்ன? பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருந்த கடைச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். முந்திய ஆண்டில் மட்டும் மூன்று கிலோவுக்குச் சற்று மேல்! எந்த மாணவியும் இந்தக் கணக்கில் தவறமாட்டாள். வெளியேறுவதைவிட உட்புகுவது இரண்டரை மடங்கு. தொட்டி வழியாமல் வேறென்ன செய்யும்?

இனிப் பஞ்சின் கணக்கைக் கேளுங்கள். இது இன்னும் சுவையானது. ராட்டையில் நூற்பவர் பஞ்சை அப்படியே நூற்பதில்லை. கொட்டை நீக்கி, வில்லால் அடித்துப் பொங்கச் செய்த பஞ்சை விரல் பருமனுள்ள திரியாகச் சுருட்டிக்கொள்வார். அதற்குப் பட்டை என்று பெயர். அந்தப் பட்டைகள் என்னிடம் ஐந்து கிலோ இருந்தன. ஐந்து கிலோ என்ன பெரிய சுமை என்று தோன்றும். ஆனால் நூலின் நுண்மையை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை ஆகுமோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 16,800 கெஜம் இருக்கும். ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் சுமார் 37,000 கெஜம். அதாவது 34 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏறிவரும் மலை ரயில் பாதை நெடுகிலும் அந்த ஒரு கிலோ நூலை இழுத்துக் கட்டினாலும் மிச்சம் இருக்கும்.

என் கை ஒரு மணி நேரத்தில் நூற்பது 200 மீட்டர். அப்படியானால் ஒரு கிலோவுக்கு 170 மணி நேரம். நாள்தோறும் அரை மணி நூற்றால் 340 நாள். ஒரு கிலோ பஞ்சு என்பது ஏறக்குறைய ஓராண்டு வாழ்க்கை! கடையில் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது ஓராண்டை வாங்கிச் செல்கிறோம் என்று தோன்றுகிறதா? எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அரை மணியைக்கூட நாள் தவறாமல் நான் நூற்றவள் அல்லள்.

இவ்வளவும் எப்படிச் சேர்ந்தன? பேராசையால் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம், அது உண்மையாகாது. ஒவ்வொரு முறை வாங்கியபோதும் ஒரு நல்ல காரணம் இருந்தது. கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றும்போது ஒரு தொட்டியில் நனைந்தவற்றுக்கெல்லாம் ஒரே எண் இடுவார்கள். அடுத்த தொட்டியின் நீலம் முந்தியதைப்போல் இராது. பின்னிய பிறகு சட்டையின் நடுவே கோடு போட்டாற்போல் காட்டிவிடும். ஆகையால் ஓர் உருண்டை கூடுதலாக வாங்கி வைப்பது முன்யோசனை. அதில் தவறில்லை. ஆனால் நான் வாங்கியவை மூன்று, நான்கு. விலை குறைத்துத் தருகிறார்கள் என்று சில. வெளியூர் போன நினைவுக்கு என்று சில. கைப்பேசியில் படத்தைக் கண்டு, விரலால் தொட்டு, வீட்டு வாயிலிலேயே பெற்றுக்கொண்டவை சில. பொங்கலுக்கு வரும் குழந்தைக்கு ஆகும் என்று இளஞ்சிவப்பு நூல் வாங்கினேன். அந்தக் குழந்தை இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள்.

பூச்சி அரித்த சாம்பல் நிற நூலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது என் அக்காவுக்காக வாங்கியது. கோத்தகிரியில் இருந்த அவருக்கு விடியற்காலையில் எழுந்து வாசலில் உட்கார்ந்து காப்பி அருந்தும் வழக்கம். "தோளில் போட்டுக்கொள்ள ஒரு போர்வை பின்னிக் கொடேன், உனக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது" என்று ஒரு முறை கேட்டார். மறுநாளே நூல் வாங்கிவிட்டேன். எவ்வளவு சுறுசுறுப்பு! வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தபோது சற்று முரடாகத் தோன்றியது. முதியவருடைய கழுத்தை உறுத்துமே என்று அடுத்த மாதம் மெல்லிய வெண்ணிற நூல் வாங்கினேன். வெண்மை அழுக்காகும் என்று பிறகு கருநீலம் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் வாங்கி வந்த அன்று, அக்காவுக்கு ஏதோ செய்துவிட்டோம் என்னும் நிறைவு எனக்கு உண்டாயிற்று. அந்த நிறைவே ஊசியைக் கையில் எடுக்கவிடாமல் தடுத்தது. அக்கா இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்கும் இயல்பினர் அல்லர். மூன்று வகை நூலும் பெட்டியில் இருக்க, ஒரு மழைக்காலத்தில் அவர் காலமானார்.

உதிர்ந்த சாம்பல் நூலைக் கையில் வைத்துக்கொண்டு அன்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஓராண்டுக்குப் புதிய நூலோ பஞ்சோ வாங்குவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரே ஒரு விலக்கு: ஊசியில் ஏறிவிட்ட துணி முடிவதற்கு நூல் போதாமற் போனால் ஓர் உருண்டை வாங்கலாம்.

விரதம் முழுமையாக நிறைவேறியது என்று சொன்னால் பொய்யாகும். இரண்டு முறை தவறினேன். ஒரு குல்லாய் முடிய நூல் பற்றாமல் 50 கிராம் வாங்கியது முதல் முறை. அது விலக்குக்கு உட்பட்டது என்று வாதாடலாம். கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சியில் மயில் கழுத்து நிறத்தில் 100 கிராம் சிட்டம் ஒன்றைக் கண்டு, இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, மூன்றாம் சுற்றில் வாங்கிவிட்டேனே, அதற்கு எந்த வாதமும் இல்லை. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆனால் குறிப்பேடு ஓர் உண்மையைக் காட்டியது. வாங்க வேண்டுமென்று ஆசை எழும்போதெல்லாம் நாளையும் நூலின் நிறத்தையும் அதில் எழுதிவந்தேன். அன்று பின்னினேனா, நூற்றேனா என்பதையும் பக்கத்தில் குறித்தேன். ஆறு மாதம் கழித்துப் புரட்டியபோது வியப்பாக இருந்தது. ஆசை எழுந்த நாள்களுள் பெரும்பாலானவை நான் ஊசியையோ ராட்டையையோ தொடாத நாள்கள்! விருந்தினர் வந்த நாள், வங்கிக்கு அலைந்த நாள், உடம்பு சரியில்லாத நாள். கை பின்னிக்கொண்டிருந்த நாள்களில் மனம் கடைக்குப் போகவில்லை. நான் விரும்பியது நூலையன்று, பின்னுவதற்கான ஓய்வை. ஓய்வை எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆகவே, விற்கிற பொருளை வாங்கி வந்திருக்கிறேன். தேர்வுக்கு முன் புதுப் புதுக் குறிப்புப் புத்தகங்களை வாங்கி, உறை போட்டு, பெயரெழுதி அடுக்குகிற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது சிரித்தேன். இப்போது சிரிக்க மாட்டேன்.

பொருளுக்காகப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலையைப் பற்றி எண்ணும்போது, காந்தியடிகளின் சத்திய சோதனையில் ராட்டையைக் குறித்து வரும் பகுதி நினைவுக்கு வருகிறது. நீங்களும் அதைத் தேடிப் படிக்கலாம். சபர்மதி ஆசிரமத்தில் முதலில் தொடங்கியது நூற்பு அன்று, நெசவு. துணியை வெளியில் வாங்கலாகாது, நாமே நெய்யவேண்டும் என்று தறியை அமைத்தார்கள். தறிக்கு நூல் வேண்டுமே! அதற்கு ஆலைகளை நாட வேண்டியதாயிற்று. நாமே நூற்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்கு ராட்டை வேண்டும். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். இரண்டும் கிடைக்கவில்லை. 1917-இல் புரோச்சில் நடைபெற்ற கல்வி மாநாட்டில் கங்காபென் மஜும்தார் என்னும் அம்மையாரை அடிகள் சந்தித்தார். அவ்வம்மையார் குஜராத் முழுதும் அலைந்து, பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த விஜாப்பூரில் ராட்டைகளைக் கண்டுபிடித்தார். அங்கே பல வீடுகளில் ராட்டைகள் இருந்தன. ஆனால் பயனற்றவை என்று பரண்மேல் ஏற்றப்பட்டிருந்தன. பட்டை ஒழுங்காகக் கிடைத்து, நூற்ற நூலை வாங்கிக்கொள்ளவும் ஆளிருந்தால் மீண்டும் நூற்கத் தயார் என்றார்கள் அவ்வூர் மக்கள்.

பம்பாயைச் சேர்ந்த உமர் சோபானி தம் ஆலையிலிருந்து பட்டைகளை அனுப்பினார். நூல் குவியத் தொடங்கியது. பிறராக இருந்தால் அத்துடன் மனநிறைவு அடைந்திருப்பார்கள். அடிகளுக்கோ ஒருவரிடம் ஓயாமல் பெற்றுக்கொண்டிருப்பது கூச்சமாக இருந்தது. அதைவிடப் பெரிய ஐயம் ஒன்றும் எழுந்தது. ஆலைப் பட்டையை நூற்கலாமென்றால் ஆலை நூலையே ஏன் நெய்யலாகாது? முன்னோர்க்குப் பட்டை தந்தது எந்த ஆலை? உடனே, பஞ்சு கொட்டுகிறவர் ஒருவரைத் தேடும்படி கங்காபென்னைக் கேட்டுக்கொண்டார். அந்தத் தொழிலாளி மாதம் 35 ரூபாய் கேட்டார். அந்நாளில் அது சிறு தொகையன்று. எந்த விலையும் அப்போது தமக்கு அதிகமாகத் தோன்றவில்லை என்கிறார் அடிகள். இளைஞர் சிலர் பட்டை போடக் கற்றுக்கொண்டார்கள். பஞ்சை அடிகள் பம்பாயில் கேட்டுப் பெற்றார்.

துணியிலிருந்து நூலுக்கு, நூலிலிருந்து பட்டைக்கு, பட்டையிலிருந்து பஞ்சுக்கு என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் சென்ற பயணம் இது. இதற்குப் பின்னிருந்த நாட்டு விடுதலை நோக்கம் நீங்கள் அறிந்ததே. என் சிறு வீட்டுச் சிக்கலுக்கு அந்தப் பெருநோக்கைத் துணைக்கு இழுப்பது பொருந்தாது. எனினும், ஒரு படி பின்னால் போனால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை எனக்கு உண்டாயிற்று.

தெரிந்த உழவர் வீட்டிலிருந்து, கொட்டையோடு கூடிய பருத்தி 300 கிராம் தருவித்தேன். என் விரதத்துக்கு இது மூன்றாம் தவறா என்று நீங்கள் கேட்கலாம். விலை கொடுத்து வாங்கவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பருத்தியை ஒரு பலகையில் வைத்து, வழுவழுப்பான இரும்புக் கம்பியைச் சப்பாத்திக் குழவிபோல அதன்மேல் அழுத்தி உருட்டினால் கொட்டை முன்னே பிதுங்கி விழும். பஞ்சு பின்னே தங்கும். கேட்க எளிது. 300 கிராம் பருத்தியில் கிடைக்கும் பஞ்சு சுமார் 100 கிராம்தான், எஞ்சியது கொட்டை. அந்த 100 கிராமை எடுக்க எனக்கு மூன்று பிற்பகல்கள் தேவைப்பட்டன. பிறகு சிறு மூங்கில் வில்லின் நாணைப் பஞ்சில் படியவிட்டுச் சுண்டிச் சுண்டி அடித்தேன். முதல் நாள் பஞ்சைவிட என் தலைமயிரே அதிகம் வெளுத்துத் தோன்றியது. மூன்றாம் நாள் பஞ்சு மேகம்போல எழுந்தது. அதைக் குச்சியில் உருட்டிப் பட்டை போட்டு ராட்டையில் நூற்றபோது அறுந்தது இரண்டே முறை. வாங்கி ஆண்டுக்கணக்கில் அமுங்கிக் கிடந்த பட்டையோ இறுகிப்போயிருந்தது. இழுத்தால் கட்டி கட்டியாக வரும். முழத்துக்கு ஒரு முறை அறும். அதனால்தான் நூற்பில் எனக்குச் சலிப்பு உண்டாயிற்று. நல்ல பட்டை கிடைத்தால் சலிப்பு நீங்குமென்று மேலும் வாங்கினேன். அதுவும் கிடந்து இறுகிற்று. குற்றம் பட்டையின் மீதன்று. காத்திருந்த காலத்தின் மீது.

அன்று முதல் பழைய பட்டைகளைப் பிரித்து மீண்டும் வில்லால் அடித்து, ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் புதிதாகப் பட்டை போட்டுக்கொள்கிறேன். வில்லைத் தூக்கி அடிக்கும் உழைப்பைக் கண்ட பிறகு கடைப் பஞ்சைக் கண்டால் ஆசை எழுவதில்லை. ஐயோ, இதையும் யார் அடிப்பது என்னும் அயர்வே எழுகிறது.

கம்பளி நூலில் இப்படிப் பின்னோக்கிப் போக வழி உண்டா? ஆட்டு மயிரைக் கழுவி நூற்பவர்கள் உண்டு. எனக்கு அந்தத் திறமை இல்லை. ஆனால் வேறொரு வழியை, நூல் வாங்க முடியாத ஒரு காலம் கற்பித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 1941 ஜூன் முதல் நாளன்று ஆடைப் பங்கீடு அமுலுக்கு வந்தது. கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது, சீட்டும் கொடுக்கவேண்டும். முதல் ஆண்டில் ஆளுக்கு 66 சீட்டுகள். பின்னல் நூலுக்கும் சீட்டு உண்டு. இரண்டு அவுன்சுக்கு ஒன்று. 16 அவுன்ஸ் பிடிக்கும் ஒரு சட்டையைப் பின்ன வேண்டுமானால் எட்டுச் சீட்டு போய்விடும். 1949 வரை பங்கீடு நீடித்தது. பழையதைப் பிரித்துப் பின்னினால் சீட்டே தேவையில்லை என்பதால், குடும்பப் பெண்கள் சிறுத்துப்போன சட்டைகளைப் பிரித்துப் புதியன பின்னினார்கள்.

நானும் பிரித்துப் பார்த்தேன். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எல்லாச் சட்டையையும் பிரிக்க முடியாது. துணிபோலப் பின்னி, கத்தரித்து, ஓரத்தைத் தைத்த ஆலைச் சட்டையைப் பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகக் கையில் வரும். பக்கத் தையலை உட்புறம் திருப்பிப் பாருங்கள். ஓரக் கண்ணிகள் அறுபடாமல் சங்கிலிபோல் ஓடினால்தான் அது பிரிபடும். அப்படிப்பட்ட சட்டையின் மூட்டுத் தையலை அவிழ்த்து, பின்னி முடித்த விளிம்பிலிருந்து இழுத்தால் நூல் ஓடைபோல வரும். வந்த நூல் நெளிநெளியாக இருக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கிடத்தில் கட்டி, நனைத்து, கீழ்முனையில் சிறு கனம் தொங்கவிட்டு உலர்த்தினால் நெளிவு போய்விடும். முழங்கைப் பகுதியில் இழை தேய்ந்திருக்கும். அதை ஒதுக்கிவிட வேண்டும். என் தம்பியின் பழைய பழுப்புச் சட்டை அவன் பேரனுக்கு இரண்டு குல்லாயும் ஒரு கையில்லாச் சட்டையும் ஆயிற்று. அவை பெட்டியின் கணக்கில் சேரா. இருந்தாலும் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமை.

இவ்வளவையும் கேட்டு, எங்கள் ஊர்க் கம்பளிக் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். பல ஆண்டுகளாக எனக்குப் பழக்கமானவர். "டீச்சரம்மா, எல்லாரும் உங்களைப்போல முடிவு செய்துவிட்டால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் உடனே விடை கூறவில்லை. கூறக்கூடிய விடை அப்போது என்னிடம் இல்லை. நூற்றுக் கூலி பெற்று வாழும் பெண்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்காவில் ஒரே நேரத்தில் பல கதிர்களை ஓட்டுகிற அவர்களுக்குப் பட்டையும் திரியும் நிறையத்தான் தேவை. அவர்களுடைய தேவையும் என் பெட்டியின் நிறைவும் ஒன்றல்ல. நான் நூற்காமல் வைத்திருக்கும் பஞ்சு அவர்களுக்கு உதவுவதில்லை. அவர்கள் நூற்று நெய்த துணியை நான் வாங்கி உடுத்தினால் உதவும். ஆகையால் பஞ்சில் மிச்சமான பணத்தில் சென்ற தீபாவளிக்கு இரண்டு கதர்ப் புடவைகள் எடுத்தேன். கடைக்காரருக்கு இது விடையாகாது என்பது எனக்குத் தெரியும். அவரிடம் சென்ற மாதம் ஒரு ஜோடி ஊசி வாங்கினேன், பழையது வளைந்துவிட்டது. ஊசியை உறையிலிட்டுத் தந்தவர், நூல் அலமாரியின் பக்கம் என்னைப் பார்க்கவிடாமல் நடுவில் வந்து நின்றுகொண்டார். நல்ல மனிதர்.

மார்கழி பிறந்ததும், அக்காவுக்கு வாங்கிய மூன்று நூல்களையும் எடுத்தேன். சாம்பல் நிறத்தில் பூச்சி தீண்டாமல் பிழைத்தது மூன்று சிட்டம். அது மட்டும் போர்வைக்குப் போதாது. வெண்மையும் கருநீலமும் சேர்த்தால் போதும். சாம்பல் நாலு வரிசை, வெண்மை இரண்டு, கருநீலம் நாலு என்று மாற்றி மாற்றிப் பின்னினேன். பூச்சி அரித்துத் துண்டான இடங்களில் நூலோடு நூலை முடிந்து, முடிச்சைப் பின்புறம் மறைத்தேன். முரடு என்று நான் ஒதுக்கிய சாம்பல் நூல், கழுவிய பிறகு முரடாகவே இல்லை. 26 நாளில் போர்வை முடிந்தது. நான்காண்டுகளாக எனக்கு ஒழியாதிருந்த பொழுது அந்த 26 நாள்தான்.

பொங்கலுக்கு அக்காவின் மகள் வந்திருந்தாள். விடியலில் எழுந்தவள், கொடியில் கிடந்ததை எடுத்துப் போர்த்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"யாருக்குச் சித்தி இது?" என்றாள்.

"உன் அம்மாவுக்குப் போட்டது" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, போர்வையின் ஒரு மூலையை விரலால் தடவி, "இங்கே ஒரு கண்ணி விழுந்திருக்கிறதே" என்று காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், விழுந்துதான் இருந்தது. கொக்கி ஊசியால் அதை ஏற்றி, முடிந்து, அவளிடமே கொடுத்தேன். ஊருக்குப் புறப்படும்போது அதைப் போர்த்துக்கொண்டே பேருந்தில் ஏறினாள்.

அன்று மாலை பெட்டியிலுள்ள நூலை மறுபடியும் நிறுத்தேன். 8 கிலோ 350 கிராம். அந்த மயில் கழுத்துச் சிட்டமும் அதில் அடக்கம்.